மனவடு அறிவு யாருக்கு? ஆற்றுப்படுத்தலும் அலுவலகக் கதவும்

1

'மனவடு பற்றிய புரிதலோடு சேவை வழங்குதல்' என்ற தொடர் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பயிற்சிப் பட்டறைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஆசிரியர்கள், கிராம சேவையாளர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், பொலிஸார் என்று பலதரப்பட்டவர்கள் ஒரு மண்டபத்தில் இருத்தப்படுகிறார்கள். வளவாளர் வருகிறார். திரையில் மூளையின் படம் விழுகிறது. அச்சம் எந்த இடத்தில் பதிகிறது, நினைவு எந்த இடத்தில் தங்குகிறது என்று விளக்கப்படுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழுச் செயற்பாடு, பின்னேரம் சான்றிதழ். அடுத்த திங்கட்கிழமை எல்லாரும் தத்தம் கதிரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கதிரைக்கு முன்னால் நிற்கிற சனத்தின் வரிசையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இத்தகைய பயிற்சிகள் தேவையில்லை என்று சொல்வதல்ல என் நோக்கம். இந்த அறிவு உண்மையில் யாரை மாற்றச் சொல்கிறது என்ற கேள்வியைத்தான் எழுப்ப விரும்புகிறேன். ஏனென்றால் இக்கருத்தாக்கம் புறப்பட்ட இடத்தில் ஒன்றைச் சொன்னது. எங்கட மண்ணுக்கு வந்து சேர்ந்தபோது வேறொன்றாகத் தலைகீழாகிவிட்டது.

2001இல் மக்சீன் ஹரிஸ், ரோஜர் ஃபாலட் ஆகியோர் மனவடுக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு சேவை அமைப்புகளை எப்படி வடிவமைப்பது என்று ஒரு நூலைத் தொகுத்தார்கள். 2014இல் அமெரிக்க அரசின் மனநலச் சேவைகளுக்கான நிர்வாகமான சாம்சா அதை ஒரு கொள்கை ஆவணமாக விரித்தது. 2017இல் ஸ்கொட்லாந்தின் சுகாதாரக் கல்வி அமைப்பு, யார் யாருக்கு எவ்வளவு மனவடு அறிவு வேண்டும் என்பதை நான்கு படிகளாக வகுத்தது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு ஒரு படி, விசேட சிகிச்சையாளருக்கு இன்னொரு படி. இவை எல்லாவற்றிலும் ஓடுகிற அடிப்படைச் சிந்தனை ஒன்றுதான். உடைந்த மனிதரைத் திருத்துவது சிகிச்சையாளரின் வேலை. மற்ற எல்லாருடைய வேலையும் அந்த மனிதரை மேலும் உடைக்காமல் இருப்பது. அதாவது இங்கே ஆய்வுக்கும் மாற்றத்துக்கும் உட்பட வேண்டியது பாதிக்கப்பட்டவரின் மனம் அல்ல, நிறுவனத்தின் நடத்தை. சாம்சா சொல்லும் நான்கு கடமைகளில் கடைசிக் கடமை 'மீண்டும் வடுப்படுத்தாதிருத்தல்' என்பதாகும். எழுவாய் எது என்று கவனியுங்கள். வடுப்படுத்தக்கூடியது அலுவலகம்.

இந்த எழுவாய்தான் எங்களிடத்தில் காணாமல் போய்விட்டது.

2

மனவடு என்ற கருத்தாக்கத்துக்கு ஒரு அரசியல் வரலாறு உண்டு. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பதைச் சேர்த்தது. ஆய்வுகூடத்தில் திடீரென ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்ததால் அல்ல. வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்கள் தாங்கள் செய்ததையும் தங்களுக்கு நேர்ந்ததையும் வட்டமாக இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். பெண்ணியக்கத்தவர்கள் பாலியல் வன்முறையை வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். 'உன்னில் ஏதோ கோளாறு' என்று சொல்லிக்கொண்டிருந்த மருத்துவத்தைப் பார்த்து, 'எங்களுக்கு ஒன்று செய்யப்பட்டது' என்று அவர்கள் சொன்னார்கள். செயப்பாட்டு வினையில் மறைந்திருந்த செய்தவனைத் தேடச் சொன்ன கோரிக்கை அது. ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாகவே வைக்கிறார்: மனவடு பற்றிய ஆய்வு ஓர் அரசியல் இயக்கத்தின் துணையில்லாமல் தாக்குப்பிடிக்காது; இயக்கம் தளர்ந்தால் அந்த அறிவும் மறதிக்குள் போய்விடும்.

அதற்கும் முன்னரே ஃபிரான்ஸ் ஃபனோன் இருக்கிறார். 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1961இல் வெளிவந்த தன் கடைசி நூலில் காலனியப் போரும் மனநோயும் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினார். சித்திரவதைக்கு உள்ளானவர்களும் அதில் வருகிறார்கள், சித்திரவதை செய்தவர்களும் வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்திலும் இந்த அறிவு அரசியலின் நடுவில்தான் பிறந்தது. 'மனவடு' என்ற சொல் தமிழில் நிலைபெறுவதற்குப் பெரும் பங்களித்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். மற்றவர்கள் ராஜனி திராணகம, ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன். நூல் 1990இல் அச்சாகி வந்தபோது ராஜனி இல்லை. 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆக, எங்களிடத்தில் மனவடுவை எழுதுவதும் சாட்சி சொல்வதும் ஒரே கையால் நடந்தன. சோமசுந்தரத்தின் போர் உளவியல் நூல் 1998இல் வந்தது. 2007இல் அவர் வடஇலங்கை பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 'கூட்டு மனவடு' என்ற கருத்தை முன்வைத்தது. தனி மனிதர் மட்டுமல்ல, குடும்பம், அயல், நம்பிக்கை, ஊர் என்ற பின்னலே அறுந்துபோவதுதான் பெரிய காயம் என்பது அதன் வாதம். உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த ஒரு பிரதேசத்தில் ஆசிரியர்களையும் அடிமட்ட சுகாதாரப் பணியாளர்களையும் பயிற்றுவிக்கும் வழிக்கு அவர்கள் போனது வசதி கருதி அல்ல, வேறு வழியில்லாததால். அந்த வேலையால் ஆறுதல் பெற்றவர்கள் ஏராளம். இதை மறந்துவிட்டு விமர்சனம் எழுதுவது நன்றி கெட்ட வேலை.

3

மறுபக்க விமர்சனம் ஒன்றும் இருக்கிறது. டெரிக் சமர்ஃபீல்ட் என்ற பிரித்தானிய உளமருத்துவர் 1999இல் போர்ப் பிரதேசங்களின் மனவடு வேலைத்திட்டங்களைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினார். துன்பத்தை நோயாக்குகிறீர்கள், மேற்கின் தனிமனித உளவியலை உலகம் முழுவதற்கும் பொருத்துகிறீர்கள், சனத்துக்கு வேண்டியது நீதியும் வாழ்வாதாரமும் சமூக வாழ்வும், நீங்கள் கொடுப்பதோ உளவளத்துணை, என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்த வாதத்துக்கு எங்கட கரையோரமே சாட்சியாகியது. சுனாமி அள்ளிக்கொண்டு போன கரைக்கு அடுத்த அலையாக ஆலோசகர்கள் வந்திறங்கினார்கள். மொழி தெரியாது, ஊர் தெரியாது, போரின் கணக்குத் தெரியாது. ஈத்தன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2010இல் வெளியிட்ட நூலின் ஓர் அத்தியாயமே, அலையோடு சேர்த்து ஒரு நோய்ப் பெயரும் இலங்கைக்கு வந்த கதையைச் சொல்கிறது. 2007இல் நிறுவனங்களுக்கிடையிலான நிலையியற் குழு வெளியிட்ட அவசரகால உளசமூக வழிகாட்டல் இத்தகைய அனுபவங்களின் பின்னணியில் வந்த ஒரு திருத்தம் எனலாம். அது ஒரு பிரமிட்டை வரைகிறது. அடியில், எல்லாருக்கும் பாதுகாப்பும் அடிப்படைச் சேவைகளும். அதற்கு மேலே குடும்ப, சமூக ஆதரவு. அதற்கு மேலே சிறப்புப் பயிற்சி தேவைப்படாத நேரடி உதவி. உச்சியில், மிகச் சிலருக்கு மருத்துவ நிபுணர்.

ஆனால் சமர்ஃபீல்டின் பக்கம் முழுதாகச் சாய்வதிலும் ஆபத்து இருக்கிறது. 'இது நோயல்ல, அரசியல்' என்று சொல்லிப்போட்டுப் போய்விடுவது கட்டுரை எழுதுகிறவனுக்குச் சுலபம். இரவிரவாக நித்திரை வராமல் திடுக்கிட்டு எழும்புகிறவனுக்கும், ஷெல் சத்தம் மாதிரி ஒரு வெடி கேட்டவுடன் மேசைக்குக் கீழே போகிற பிள்ளைக்கும் அது மருந்தாகாது. நீதி வரும்வரை நித்திரையைத் தள்ளிப்போட ஏலாது. அரசியல், மருத்துவம் என்று இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வதே தவறு. அந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய வெளி ஒன்று கிடக்கிறது. அந்த வெளியின் பெயர் அலுவலகம்.

4

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். 2009 மே மாதத்தில் முல்லைத்தீவின் வட்டுவாகலில் மகனையோ மருமகனையோ படையினரிடம் கையளித்ததாகச் சொல்லும் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அவள் தன் கதையை எத்தனை இடத்தில் சொல்லியிருப்பாள்? செட்டிகுளம் முகாமில் பதிவு செய்தவரிடம். பொலிஸில். மனித உரிமைகள் ஆணைக்குழுவில். 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவில். 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவில். 2016இல் மக்கள் கருத்தறிந்த செயலணியில். 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டு இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்தில். நடுவில் வந்துபோன பத்திரிகையாளர்கள், ஆய்வு மாணவர்கள், வெளிநாட்டுத் தூதுக்குழுக்கள் வேறு. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து. ஒவ்வொரு இடத்திலும் அதே படம், அதே அடையாள அட்டைப் பிரதி, அதே திகதி.

பிள்ளையைத் தேடி வந்தவர்களிடம் நட்டஈடு பற்றியும் வாழ்வாதார உதவி பற்றியும் கேட்கப்பட்டது என்பது உறவினர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன முறைப்பாடு. மரணச் சான்றிதழை எடுத்தால் உதவி கிடைக்கும். எடுத்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாய் தன் கையாலேயே எழுதிக்கொடுத்ததாகிவிடும். 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று எழுதாமல் காணப்படவில்லை என்று மட்டும் பதியும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். பொலின் பொஸ் 1999இல் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டுப் பேசிய நிலை, அதாவது உடல் இல்லை, சாவும் இல்லை, துக்கம் தொடங்கவும் முடியாது முடியவும் முடியாது என்ற நிலை, இங்கே ஒரு கிளாக்கரின் மேசையில் படிவமாகக் கிடக்கிறது. அந்தப் படிவத்தை அவளிடம் நீட்டுகிற விதத்தில் இருக்கிறது மனவடு அறிவு.

மனவடுப் புரிதல் கொண்ட சேவை பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வாசகத்தை விரும்பிச் சொல்வார்கள்: 'உனக்கு என்ன கோளாறு' என்று கேட்காதே, 'உனக்கு என்ன நடந்தது' என்று கேள். மேற்கின் மருத்துவமனையில் இது முற்போக்கான கேள்வி. 1998இல் வெளிவந்த, அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட சிறுபராயத் துன்ப அனுபவ ஆய்வு இந்தக் கேள்விக்கு வலிமை கொடுத்தது. ஆனால் எங்கட ஊரில் 'என்ன நடந்தது' என்று முதலில் கேட்டது மருத்துவர் அல்ல. சோதனைச் சாவடியில் நின்றவர் கேட்டார். முகாமில் புலனாய்வாளர் கேட்டார். எங்கே இருந்தனி, யாரோடு இருந்தனி, அண்ணன் எங்கே, தம்பி எந்தப் பிரிவு? மிஷேல் ஃபூக்கோ 1976இல் பாவ அறிக்கையைப் பற்றி எழுதியது இங்கே ஞாபகம் வருகிறது. பேசச் செய்வது எப்போதும் விடுதலை அல்ல, பேசச் செய்வதே அதிகாரத்தின் பழைய தொழில்நுட்பம் என்றார் அவர். கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் நின்று பெயர் குறித்துக்கொள்கிறவர்கள் இருக்கும் ஊரில், உள்ளே இருக்கிற உளவளத்துணையாளரின் கனிவான கேள்வியும் அந்தப் பழைய கேள்வியின் வாசனையோடுதான் காதில் விழும்.

ஹெர்மன் குணமடைதலின் முதற் கட்டமாகப் பாதுகாப்பை வைக்கிறார். நினைவுகூர்ந்து துக்கிப்பது அதற்குப் பிறகுதான். இங்கே வரிசை மாறிக் கிடக்கிறது. பாதுகாப்புத் தராமலேயே நினைவைக் கேட்டோம். நினைவைக் கேட்டவர்களே துக்கிக்கவும் விடவில்லை. போருக்குப் பிந்திய முதல் வருடங்களில் வன்னியில் வீடும் கிணறும் கட்டுவதற்கு நிறுவனங்களுக்குக் கிடைத்த அனுமதி, உளசமூக வேலைக்கு லேசில் கிடைக்கவில்லை. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் சம்பூரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைதானார்கள். கஞ்சி காய்ச்சுவதுதான் அந்த ஊருக்குத் தெரிந்த கூட்டுச் சிகிச்சை. அதைக் குற்றமாக்கிய பொலிஸ், பாதிக்கப்பட்டோரை அணுகுவது எப்படி என்ற பட்டறைக்கும் அழைக்கப்படுகிற அதே பொலிஸ்தான்.

5

உளவளத்துணைக்கு யாழ்ப்பாணத்தில் இன்னொரு பெயர் உண்டு: ஆற்றுப்படுத்தல். அழகான சொல். சூட்டை ஆற்றுவதும் அதற்குள் கேட்கிறது, புண் ஆறுவதும் கேட்கிறது. ஆனால் இலக்கியத்தில் அதன் வேர் வேறு. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை நூல்கள்தான். பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ, வழியில் வாடிய முகத்தோடு வருகிற இன்னொருவனைக் காண்கிறான். நான் இன்ன வழியாகப் போனேன், இன்ன இடத்தில் தங்கினேன், இன்னாரிடம் போ, உன் பசி தீரும் என்று வழி சொல்கிறான். திருமுருகாற்றுப்படையில் அதுவே இறைவனிடம் போகிற வழியாகிறது.

இந்த அமைப்பில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வழி சொல்கிறவன் நிபுணன் அல்ல. நேற்று வரைக்கும் அதே பசியோடு அதே வழியில் நடந்தவன். இன்றைய மனவடு இலக்கியம் 'சகபாடி ஆதரவு' என்று வலியுறுத்துவது இதைத்தான். போரில் காலிழந்த ஒருவர் அண்மையில் காலிழந்த ஒருவரோடு கதைப்பதை எந்தப் பாடநெறியும் ஈடுசெய்யாது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கிய தாய்மார் போராட்டத்தை மட்டுமா நடத்தினார்கள்? ஒருத்தியின் கதையை மற்றவள் திருத்தாமல் கேட்கக்கூடிய ஓர் இடத்தையும் உண்டாக்கினார்கள். 'காணாமல் போனோர்' என்ற சொல்லை மறுத்து 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லப் பழக்கியவர்களும் அவர்கள்தான். தன்வினையைப் பிறவினையாக மாற்றியது ஓர் இலக்கணத் திருத்தம் போலத் தெரியும். ஆனால் அது நோய்நிர்ணயத்தையே மாற்றிவிடுகிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. ஆற்றுப்படையின் முடிவில் ஒரு வாயில் இருக்கிறது. அந்த வாயில் திறந்திருக்கும் என்ற உறுதியில்தான் முழுப் பாட்டும் நிற்கிறது. வழிசொன்ன பாணன் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும், போய்ச் சேர்ந்தவனை வாயிற்காவலன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அது ஆற்றுப்படை ஆகாது, ஏமாற்று. எங்கட ஆற்றுப்படுத்துநர்கள் முப்பது வருடங்களாக நல்ல பாணர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். கேட்டார்கள், கூட இருந்தார்கள், போகச் சொன்னார்கள். போன இடத்தில் கதவு எப்படி இருந்தது என்பதைத்தான் நாங்கள் கேட்காமல் விட்டோம். பாணனுக்கு இன்னொரு பட்டறை வைத்தோமே தவிர, வாயிற்காவலனை விட்டுவிட்டோம்.

6

சரி, சமூகத்தின் கையில் கொடுத்துவிடலாம், சமூகமே தன்னை ஆற்றிக்கொள்ளும் என்று சொல்கிறவர்களும் உண்டு. 'சமூகமட்ட' என்ற அடைமொழி போட்டால் எந்தத் திட்டமும் புனிதமாகிவிடுகிறது. ஆனால் சமூகம் என்ற ஒற்றைப்பொருள் எங்கே இருக்கிறது?

அதன் வளங்களை மறுக்கவில்லை. மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் 1990களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பொலிஸிலும் கோட்டிலும் கேட்க முடியாத கேள்வியை, என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியை, தாய்மார் அங்கே போய்க் கேட்டார்கள். அரசு மௌனம் சாதித்த இடத்தில் அம்மன் வாய் திறந்தாள். ஒப்பாரி, எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு நாள் குறித்து வைத்த பண்பாடு இது. உடல் கிடைக்காதபோது அந்த நாட்காட்டியே நின்றுபோகிறது என்பதைப் புரிந்துகொள்ளாத எந்த உளவியலும் இங்கே செல்லாது.

ஆனால் அதே சமூகம்தான் புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த முன்னாள் பெண் போராளியைக் கல்யாணப் பேச்சிலிருந்து ஒதுக்கியது. அதே சமூகம்தான் புருஷனை இழந்தவளைப் பந்தலுக்கு வெளியே நிறுத்துகிறது. வன்னியில் கடைசிக் காலத்தில் புலிகள் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டுபோன பிள்ளையின் தாய்க்கு அந்தக் கதையைச் சொல்ல இன்றைக்கும் சபை இல்லை. ஆமிக்காரனைப் பற்றிச் சொன்னால் கேட்க ஆள் உண்டு. இயக்கத்தைப் பற்றிச் சொன்னால் துரோகி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் வடு எங்கட கூட்டு நினைவில் எந்த இடத்தில் இருக்கிறது? அதே ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில், கடைசிவரை நலன்புரி முகாம்களிலேயே தங்கிவிட்டவர்களில் பலர் காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். திரும்பிப் போக ஊர் இருந்தும் நிலம் இல்லாதவர்கள். கோயில் திருவிழா சமூகத்தை மீளிணைக்கும் என்று எழுதுகிறவர், அந்தக் கோயிலின் உள்வீதிக்குள் யார் போகலாம் என்பதையும் எழுத வேண்டும்.

கூட்டு மனவடு என்ற கருத்து மிகவும் பெறுமதியானது. ஆனால் 'கூட்டு' என்பதை ஒருமைப்பாடு என்று வாசித்தால், பெருங்கதையாடல் ஒன்று சின்னச் சின்ன வடுக்களை விழுங்கிவிடும். சமூகங்களிடையே இந்த அறிவைப் பரப்புவது என்றால், ஒவ்வொரு குழுவும் தனக்கு நேர்ந்ததை மட்டுமல்ல, தான் நேர்வித்ததையும் கேட்கப் பழகுவதாகவும் அது இருக்க வேண்டும்.

7

அப்ப என்னதான் செய்யச் சொல்லுறீர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விமர்சனம் எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நழுவிவிடுவார்கள்.

அலுவலகத்தின் நடத்தையில் மாற வேண்டியவை பல, செலவில்லாதவை. ஒரு தடவை சொன்ன கதையைத் திரும்பச் சொல்ல வைக்காதபடி, சொல்கிறவரின் சம்மதத்தோடு கோவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். நிற்க வைத்துக் கேட்காமல் கதிரை கொடுக்கலாம். வரிசையில் நிற்கிற பத்துப் பேர் கேட்கும்படி 'என்னம்மா, புருஷன் செத்தவரோ, காணாமப் போனவரோ' என்று கத்தாமல் இருக்கலாம். தமிழில் கொடுத்த முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பதைச் சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கவில்லை, நடைமுறைதான் அனுமதிக்கிறது. அடுத்து என்ன நடக்கும், எத்தனை நாளில், நடக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்று சொல்லி அனுப்பலாம். நடக்காது என்று தெரிந்தால் நடக்காது என்றே சொல்லலாம். பொய் நம்பிக்கையும் ஒரு வன்முறை. பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு விருப்பமில்லை என்று சொல்ல இடம் விடலாம். பிள்ளை வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் பிரம்பை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். மகப்பேற்று வார்டில், வன்முறைக்கு உள்ளான பெண்ணைத் தொடுவதற்கு முன் தொடப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

இவை மரியாதை பற்றிய சாதாரண விஷயங்கள், இதற்கெதற்கு மனவடு அறிவு என்று தோன்றும். மரியாதை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சாதியும் வகுப்பும் பாலும் உடுப்பும் தீர்மானிக்கிற ஒரு சமூகத்தில், எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளச் சொல்வது சாதாரண விஷயமல்ல. அதனாலேயே அதை நல்ல மனசுக்கு விட்டுவிடாமல் சுற்றுநிருபமாக்க வேண்டும், மீறினால் கேட்கக்கூடியதாக்க வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரும் வானத்திலிருந்து வந்தவரல்ல. அந்த கிராம சேவையாளரும் மாத்தளனில் பதுங்குகுழிக்குள் இருந்தவராக இருக்கலாம். அந்தத் தாதியும் தம்பியைத் தேடுகிறவளாக இருக்கலாம். நாளுக்கு நாற்பது பேரின் கதையைக் கேட்டு மரத்துப்போன முகத்தை நாங்கள் திமிர் என்று வாசிக்கிறோம். ஊழியரின் காயத்துக்கு இடம் கொடுக்காத அலுவலகம், வருகிறவரின் காயத்துக்கு இடம் கொடுக்காது. ஆறு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்கிற இடத்தில் எந்தப் பயிற்சியும் வேர்பிடிக்காது.

ஆனால் திறன் மட்டும் போதாது என்பதற்கு ஃபனோன் ஒரு சாட்சியை விட்டுச் சென்றிருக்கிறார். அவரிடம் ஒரு ஐரோப்பியப் பொலிஸ் அதிகாரி வருகிறார். சித்திரவதை செய்வது அவருடைய தொழில். வீட்டில் மனைவி பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கிவிட்டார். தொழிலை விடும் எண்ணமில்லை. மனக்குழப்பம் இல்லாமல் சித்திரவதை செய்வதற்குத் தனக்கு உதவ வேண்டும் என்று மருத்துவரைக் கேட்கிறார். மனவடு அறிவை எல்லாச் சேவைகளுக்கும் பரப்புவோம் என்று புறப்படும்போது இந்த மனிதரை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சாட்சி எப்போது உடைவார், எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதும் மனவடு அறிவுதான். கனிவாகப் பேசி வாக்குமூலம் வாங்குவதும் ஒரு திறன்தான். அறிவு யாருடைய கையில், எதற்காக என்ற கேள்வியை விட்டுவிட்டுத் திறனை மட்டும் பகிர்ந்தால், வன்முறை பண்பாக நடந்துகொள்ளப் பழகியதாக மட்டுமே அது முடியும்.

8

2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தருகே மண் தோண்டப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். சிறுவர்களுடையவையும் இருந்தன. ஒரு நீலநிறப் புத்தகப் பை, ஒரு விளையாட்டுப் பொருள் ஆகியவையும் மண்ணிலிருந்து வந்தன. நீதிமன்ற உத்தரவுப்படி ஓகஸ்ட் 5இல், கண்டெடுக்கப்பட்ட பொருட்கள் அடையாளம் காண்பதற்காக மக்கள் முன் வைக்கப்பட்டன.

மனவடுப் புரிதல் கொண்ட சேவை என்பதன் முழு அர்த்தத்தையும் அந்த மேசையில் வைத்து யோசிக்கலாம். முப்பது வருடமாக ஒரு சட்டையின் நிறத்தை ஞாபகத்தில் வைத்திருக்கிற ஒருத்தி அங்கே வருகிறாள். அவளுக்கு முன்கூட்டியே யார் சொன்னது, என்ன பார்க்கப்போகிறாள் என்று? கூட வருவதற்கு யார்? அடையாளம் கண்டால் அடுத்த நிமிஷம் என்ன? காணாவிட்டால் அவள் எங்கே திரும்பிப் போவாள்? அவள் அழும்போது ஒளிப்படம் எடுக்காமல் இருப்பதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்குச் சட்டவைத்தியர், தொல்லியலாளர், நீதவான், பொலிஸ், ஊடகக்காரர், உளவளத்துணையாளர், அயலவர் எல்லாரும் சேர்ந்துதான் விடை சொல்ல முடியும். சமூகங்களுக்கும் சேவைகளுக்கும் பொதுவான அறிவு என்பது இதுதான். உளவளத்துணையாளரை மட்டும் ஒரு மூலையில் கதிரை போட்டு இருத்திவிடுவதால் ஆகிற காரியமல்ல.

எல்லாம் செய்தாலும் ஒன்று மிஞ்சும். அந்தப் பெண் கேட்பது கனிவை அல்ல, விடையை. யார் கொண்டுபோனது, எங்கே வைத்து, எப்போது, யாருடைய கட்டளையில்? விடை தராத அரசு கனிவாக நடந்துகொள்ளப் பழகினால் சனத்தின் நாளாந்த வலி கொஞ்சம் குறையும். அது சின்ன விஷயமல்ல, அதற்காக நாங்கள் வாதாடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கனிவை விடைக்குப் பதிலாக யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்ளக் கூடாது. கொட்டிலில் இருந்த தாய்மார் பலர் விடை தெரியாமலேயே செத்துப்போனார்கள். மிஞ்சியிருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. கதிரை கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஒரு தடவை மட்டும் கேளுங்கள். கேட்டதற்குப் பதிலும் சொல்லுங்கள்.